கப்பலின் இரண்டு சுவர்களுக்கு நடுவே

எதையும் மூடுவதற்கு முன்னால் அவர் மூன்று முறை தட்டுவார். தட்டிவிட்டு, "உள்ள யாரு?" என்று குரல் கொடுப்பார். ஒரு மூச்சு நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடுவார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டி, கொழுந்து ஏற்றும் லோரியின் பின்கதவு, கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் வைக்கும் அலமாரி, எதுவானாலும் இதேதான். குடில் அலமாரியின் உயரம் மொத்தமே இரண்டடி. அதையும் தட்டுவார்.

"உள்ள சூசையப்பர் தூங்குறாரு, எழுப்பாத," என்று என் அம்மா ஒருமுறை சொன்னார். கோயில் கூட்ட வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை தட்டினார்.

எங்கள் லயனில் அவருக்கு வெல்டிங் அக்கா என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அதை நான் எழுதப்போவதில்லை. இப்போது அவர் மலையில் இல்லை. கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் ஒரு பட்டறையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். சிங்கப்பூரில் என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் நம்பவில்லை.

ஐந்தடிக்கும் குறைவான உயரம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோள்கள். கழுத்திலும் முன்கைகளிலும் தீப்பொறி பட்ட புள்ளிகள், கடுகு தாளித்துத் தெறித்ததுபோல. இடது புருவத்தில் பாதி இல்லை. எஸ்டேட் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களுக்கு மழைக்கூடார இரும்புகள், கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்பவர்களுக்கு அடுக்குத் தட்டுகள், யார் வீட்டுக் கதவாவது கழன்றால் அது. தோட்ட முதலாளிகளான சீனத் தவுக்கேக்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம், அவர் பற்றவைத்த சட்டம் கோணாது. ஒரு முனையில் விரல் நீளம் பற்றவைப்பார், எழுந்துபோய் எதிர்முனையில் விரல் நீளம் வைப்பார், பிறகு நடுவில். சூடு ஒரே பக்கம் சேர்ந்தால் இரும்பு இழுத்துக்கொள்ளுமாம். ஒரு கதவுக்கு நூறு தடவை நடப்பார்.

லோரி ஓட்டும் மணியம் அண்ணன் ஒருநாள் விளையாட்டாக ஒரு காரியம் செய்தார். பின்கதவுக் கொக்கி உடைந்த லோரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். அக்கா வேலையை முடித்து, கதவைச் சாத்தும்முன் வழக்கம்போலத் தட்டி, "உள்ள யாரு?" என்றார். லோரிக்கு மறுபக்கம் நின்ற மணியம் அண்ணன் பெண்குரலில், "நாந்தான்டி!" என்றார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த முகமூடி உருண்டு சாக்கடைக்குள் போனது.

"ஐயோ, நான் லா, மணியம் லா! என்னா லா நீ, இதுக்குப் போய்!" என்று அண்ணன் ஓடிவந்தார். வெந்நீர் கொடுத்தார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து, லோரிக்குள் ஏறி, ஒவ்வொரு மூலையாகத் தேடினார். காலி லோரி. வாசலில் நின்றாலே முழுவதும் தெரியும். தேடி முடித்துத்தான் இறங்கினார். மணியம் அண்ணன் அதற்குப் பிறகு அவரிடம் எந்த விளையாட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அடுத்தவர் பெயரில் எதையும் வாங்க மாட்டார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு காலையில் என் அம்மா அவரிடம், "நான் அடுத்த பஸ்சுல வரேன். எனக்கும் ஒரு நம்பர் எடுத்து வச்சிருடி, முட்டி வலில நிக்க முடியல," என்றார்.

"நான் எடுக்கமாட்டேன்க்கா. நீங்க வந்து எடுத்துக்குங்க."

"ஒரு நம்பர் எடுத்தா கை தேஞ்சிருமா?"

"தேயாது. எடுக்கமாட்டேன்."

அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. "கப்பல் கட்டுன கையாம், நம்பர் சீட்டு தூக்காதாம்," என்று கொழுந்து எடுக்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் பெண்களுக்கு அது விளங்காத கர்வம். கொழுந்து நிறுவைக்கு வரமுடியாதவளின் கார்டைப் பக்கத்து நிரைக்காரி கொடுத்துவிடுவது இங்கே தலைமுறைப் பழக்கம். அதைக்கூட மறுக்கிற ஒருத்தி என்ன பெண்?

கப்பல் கட்டியது உண்மைதான். ஜொகூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். மழை விடாத ஒரு மத்தியானம், கொழுந்துக்கூடை எடுக்காமல் எல்லாரும் லயனில் அடைந்துகிடந்தபோது, பெண்கள் அவரைக் கிண்டினார்கள். அடுத்த வீட்டு லூர்து அக்காதான் ஆரம்பித்தார்.

"கப்பலுக்கு ரெண்டு சுவருன்னு சொன்னியே, ஒண்ணு பத்தாதா? நம்ம லயனுக்கே ஒரு சுவருதான், அதுலயும் ஓட்ட."

அக்கா ஒரு பெரிய பிஸ்கட் டின்னையும் அதற்குள் அடங்கும் பால்மாவு டின்னையும் எடுத்துவந்தார். ஒன்றுக்குள் ஒன்றை வைத்தார்.

"எண்ணெய்க் கப்பல்க்கா. எண்ணெய் உள் டின்னுல. கல்லு இடிச்சா வெளி டின்னு கிழியும், உள்ளது தப்பிக்கும், கடலு கெடாது. இந்த நடு இடம் இருக்கு பாருங்க, இதுதான் என் எடம்."

"இதுக்குள்ளயா? எலிகூடப் போவாதே!"

"என்னைய மாதிரி ஆளு போவலாம். அதுக்குத்தான என்னைய எடுத்தாங்க."

அந்த நடு இடம் திறந்த சந்து இல்லை என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. குறுக்கும் நெடுக்கும் தகடு வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருப்பார்களாம். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக ஆள் நுழையும் முட்டை வடிவ ஓட்டை. கப்பலைத் துண்டு துண்டாகத் தரையில் செய்வார்கள். கவிழ்த்துப் போட்டுச் செய்தால் குனிந்தே பற்றவைக்கலாம், வேலை சுத்தமாக வரும். பிறகு கிரேன் புரட்டித் தூக்கித் துண்டோடு துண்டைச் சேர்க்கும். நேரான நீளமான இடங்களை ஓடும் மெஷின் பார்த்துக்கொள்ளும். அறைகளுக்குள் மெஷின் நுழையாது. அங்கே ஆள்தான். ஒரே பக்கமிருந்து அடித்தாலும் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். அதற்காகப் பின்பக்கம் பீங்கான் பட்டையை ஒட்டிவைப்பார்கள். உருகின இரும்பு அதன்மேல் படிந்து ஆறும். ஆறியதும் பின்பக்க அறையில் இருப்பவர் பட்டையை உரித்து, படிந்தது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்.

"அப்ப ரெண்டு ஆளு வேணும்," என்றார் லூர்து அக்கா.

"ரெண்டு ஆளுதான்," என்றார் அக்கா. டின்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். யாரும் மேலே கேட்கவில்லை. இரண்டாவது ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டெல்லா அக்கா. எங்கள் லயனில் கடைசி வீடு. இருவரும் ஒரே நாளில் ஜொகூர் போனார்கள், ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தார்கள். திரும்பி வரும்போது ஒருவர் வேனில் பெட்டிக்குள் வந்தார், மற்றவர் அதே வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கப்பலின் அறைக்குள் காற்றில்லாமல் ஸ்டெல்லா அக்கா இறந்துபோனார் என்பதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அடக்கம் முடிந்தபின் வெல்டிங் அக்கா ஜொகூருக்குப் போகவேயில்லை. ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவருக்கு, வேறு பிள்ளை இல்லை. காலையும் மாலையும் அக்காதான் அந்த வீட்டில். பெரியம்மாவுக்குச் சர்க்கரை கூடிக் கண் மங்கியபோது குளிப்பாட்டவும் தொடங்கினார்.

எட்டு மாதம் கழித்துக் கப்பல் பட்டறையிலிருந்து விசாரணை அறிக்கை வந்தது. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்தேன். லயனில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

பெரியம்மா வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மலாயில் ஒரு வரி வாசித்து, தமிழில் ஒரு வரி சொன்னேன். தடங்கலில்லாமல் வாசித்தேன். கடைசிப் பத்தியில் 'கெசுவாயான் சென்டிரி' என்று இருந்தது. சொந்தக் கவனக்குறைவு. வேலை முடிந்து வெளியே வந்த தொழிலாளி, யாரிடமும் சொல்லாமல், அனுமதியில்லாமல் திரும்ப உள்ளே போயிருக்கிறார். சாவுக்கு அவரே காரணம். இதை நான் நன்றாக, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெரியம்மா, "அவளே காரணமா?" என்றார்.

"ஆமா பெரியம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

"சொன்னா கேக்குற பொண்ணா அது," என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். வெல்டிங் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது பெரியம்மா தம் கணவர் பெயரையும் மாமியார் பெயரையும் கொடுத்தார். மகள் பெயரைக் கொடுக்கவில்லை. உபதேசியார் கேட்டதற்கு, "தானாப் போயி செத்தவ பேரு கோயில்ல எதுக்கு?" என்றாராம். அடுத்த ஆண்டும் கொடுக்கவில்லை. சாமியார் பீடத்தில் நின்று பட்டியலை வாசிக்க வாசிக்க, வெல்டிங் அக்கா முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பட்டியல் முடிந்தபிறகும் எழுந்திருக்கவில்லை.

நான் இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது அவர் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். மெஷினை அணைத்தார். ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னார்.

"நீ ஒரு கடுதாசி எழுதித் தரணும். இங்கிலீசுல. கப்பல் பட்டறைக்கு."

"என்னான்னு எழுதணும்க்கா?"

"ஸ்டெல்லா திரும்ப உள்ள போவல. அவ வெளியவே வரலன்னு."

எனக்கு விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள போற ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு போர்டு இருக்கும். உள்ள போறப்ப நம்ம பேரு போட்ட டேக்க அதுல மாட்டணும், வெளிய வந்தா எடுத்துக்கணும். டேக் தொங்குனா உள்ள ஒரு உசுரு இருக்குன்னு அர்த்தம். போர்டு காலின்னா காத்தூதுற புளோவர நிறுத்தி, மூடிய போட்டுருவாங்க. அன்னைக்குச் சனிக்கெழம, அரை நாளு. நான் இந்த அறையில இருந்து அடிச்சேன், அவ அந்தப் பக்கம் பட்டைய உரிச்சா. ஒரு சாண் நீளத்துக்குப் பின்பக்கம் சரியா வரல. என் கைத் தப்பு. 'திங்கக்கெழம செக்கிங்ல மாட்டிக்குவடி, நான் சரி பண்ணிட்டு வரேன், நீ போ'ன்னா. பஸ்சு கெளம்புற நேரம். டேக்க வாசல் கேட்டுல குடுக்க வரிச நிக்கணும். 'என்னோடதையும் எடுத்துட்டுப் போ, நான் நேரா பஸ்சுக்கு ஓடியாந்துர்றேன்'ன்னா. எடுத்துட்டுப் போனேன். நம்ம ஆளுங்க எல்லாம் செய்யிறதுதான். நிறுவையில கார்டு குடுக்குற மாதிரி."

கொட்டகைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பஸ்சு வந்துருச்சு, அவ வரல. அடுத்ததுல வருவான்னு போய்ட்டேன். சோறாக்கி வச்சேன். ரெண்டரை மணிக்கு மனசு கேக்காமத் திரும்பப் போனா, மூடி போட்டிருக்கு. வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா, 'போர்டு காலி, எல்லாரும் வெளிய போயாச்சு'ங்கிறான். சுத்தியல எடுத்துத் தகட்டுல மூணு தட்டு தட்டினேன். சத்தம் வரல. தெறந்தாங்க. கேஸ் டியூப்பு ஒழுகியிருக்கு. வெல்டிங்குக்கு நம்ம அடிக்கிற கேஸ் காத்த விடக் கனம், கீழ தங்கிரும். புளோவரும் இல்ல."

"அக்கா..."

"இரு, இன்னும் சொல்லி முடிக்கல. சூப்பர்வைசர் கேட்டான், போர்டு காலியா இருக்கறப்ப இவ எப்படி உள்ளன்னு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் பயந்துட்டேன். 'வெளிய வந்துட்டுத் திரும்ப உள்ள போயிருப்பா'ன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு பேச்சு. அதைத்தான் எழுதிக்கிட்டாங்க. அதைத்தான் நீ படிச்ச."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் அந்த வீட்டில் சோறு ஊட்டிக்கொண்டே இதை உள்ளே வைத்திருந்திருக்கிறார். ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பொய்க்குக் குரல் கொடுத்தவள் நான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடிதத்தை எழுதினேன். மூன்று தரம் திருத்தினேன். ஓர் எழுத்துப் பிழை கிடையாது. நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான்.

நான்கு மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. கப்பல் பட்டறை கைமாறிவிட்டது, அந்த விசாரணை முடிந்துபோன ஒன்று.

"போவட்டும்," என்றார் அக்கா. "ஸ்டெல்லா அம்மாகிட்டச் சொல்லிறலாம். இந்த வருசமாவது அவ பேரு பட்டியல்ல வரட்டும். ஆனா நான் வாயால சொன்னா பத்தாது. நீ பேப்பர்ல எழுதிப் படி. அன்னைக்கு நீ படிச்சதாலதான் நம்புனாங்க. இன்னைக்கும் நீ படிச்சா நம்புவாங்க."

தமிழிலேயே ஒரு பக்கம் எழுதினேன். அவர் சொன்னது சொன்னபடி. கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம் இருவரும் போனோம். பெரியம்மாவுக்கு அதற்குள் கண் முழுதாகப் போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா எப்போதும்போல அவருக்குத் தலை சீவிவிட்டு, பின்னலை முடித்து, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். அன்றைக்கு வாசித்ததைவிட மெதுவாக.

பெரியம்மா கடைசிவரை கேட்டார். பிறகு மெத்தைக்கடியில் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்தார். அதன் மூலையிலிருந்த புடைப்பு முத்திரையை விரலால் தடவினார்.

"இதுல முத்திரை இருக்கு. ஒன்னோடத குடு."

கொடுத்தேன். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"இது மொழுமொழுன்னு இருக்கு."

"பெரியம்மா, அதுல இருக்கிறதுதான் பொய். நான் தெரியாமப் படிச்சிட்டேன். இதுதான் நெசம்."

"நீ படிச்ச புள்ளதான். இவளப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? கண்ணு போனதுலருந்து எனக்கு மூத்திரம் அள்ளுறவ இவ. பெத்த மக இருந்தாக்கூடச் செஞ்சிருக்கமாட்டா. இவளா செஞ்சிருப்பா?"

"நான்தாம்மா," என்றார் அக்கா. பெரியம்மாவின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். "டேக்க நான்தாம்மா எடுத்தேன். பொய்யும் நான்தாம்மா சொன்னேன். ஸ்டெல்லா என் தப்பச் சரி பண்ணப் போயிதான் செத்தா. சத்தியமாம்மா. பைபிள் மேல அடிக்கிறேம்மா."

பெரியம்மா கையை நீட்டித் துழாவி அவர் தலையைக் கண்டுபிடித்தார். தடவிக்கொடுத்தார்.

"சரி, சரி. அழுவாத. எம்மவ பேரக் காப்பாத்தணும்னு ஒன் தலையில தூக்கிப் போட்டுக்கிற. எவ செய்வா இப்படி? எவளும் செய்யமாட்டா."

"அம்மா, பட்டியல்ல அவ பேரக் குடுங்கம்மா. அது மட்டும் செய்ங்கம்மா."

"வேணாம். அவ யாரு பேச்சையும் கேக்காமப் போனவ. அவளுக்காக நீ ஜெயிலுக்குப் போவணுமா? எனக்கு நீதான் மிச்சம்." பெரியம்மா காகிதத்தை அவர் கையில் வைத்தார். "கிழி. வேற யாரு கையிலயும் இது போவக்கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் படித்தவள். ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்.

அவர் கிழித்தார். நடுவில் ஒரு தடவை.

சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "இன்னும் சின்னதா," என்றார்.